பழம் கப்பலேறும், தண்ணீர் நம்மோடு நிற்கும்



ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதன் குறி என்ன, சிகிச்சை என்ன என்று பார்ப்பது இந்தப் பக்கத்தின் வழக்கம். இம்முறை தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் ஓடுகிற தண்ணீர்.

"டிரஸர் ஐயா, நாங்க தண்ணியக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம். அப்புறம் என்ன பயம்?" என்று மருந்து வாங்க வருகிறவர்கள் பலர் கேட்கிறார்கள். கொதிக்க வைப்பது நல்ல பழக்கம். அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் கொதியில் சாவது கிருமி மட்டும்தான். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடுப்பில் வைத்தால் போய்விடாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, உள்ளே இருக்கிற மருந்து கொஞ்சம் கெட்டிப்படவும் செய்யும்.

அந்த மருந்து நம் தண்ணீருக்குள் எப்படி வருகிறது? அதைத் தெரிந்துகொள்ள, வெளிநாட்டுக்கு அனுப்பும் பழத்தைப் பயிரிடுகிற ஊரில் மண்ணும் நீரும் ஜனங்களும் எப்படி மாறுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

செம்பனையும் பழம்தான்

ஏற்றுமதிப் பழம் என்றதும் வாழை, அன்னாசி, டுரியான் என்றுதான் நினைப்போம். நாம் தினமும் வெட்டுகிற செம்பனைக் குலையும் பழம்தானே! அதைப் பிழிந்து எண்ணெயாக்கிக் கப்பலேற்றுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இந்தப் பழம் நம் சிலாங்கூரில்தான் தோட்டப் பயிராகத் தொடங்கியது. கோல சிலாங்கூர் வட்டாரத்தில், அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இப்போது பெஸ்தாரி ஜெயா என்றும் அழைக்கப்படும் ஊருக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு முதன்முதலாக வியாபார நோக்கத்தோடு செம்பனை நடப்பட்டது. தோட்டத்தின் பெயரே தமிழ்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு ரப்பர்தான் ராஜாவாக இருந்தது. 1960-இல் நாடு முழுவதும் செம்பனை இருந்த நிலம் சுமார் 55,000 ஹெக்டர். இன்று அது ஏறக்குறைய 5.6 மில்லியன் ஹெக்டர், அதாவது நூறு மடங்கு.

ரப்பர் விலை விழுந்தபோது பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பால்வெட்டுக்கு ஆள் அதிகம் வேண்டும். குலை வெட்டுக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிரை பிடித்து வெட்டிய காலம் போய், ஆண்கள் குலை வெட்டவும் பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கவும், உரம் போடவும், மருந்தடிக்கவும் என்று வேலை பிரிந்தது. இந்த மருந்தடிக்கிற வேலை பெண்கள் தலையில் விழுந்ததை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

1980 வரை செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவுவதும் ஒரு கூலி வேலையாக இருந்தது. 1981-இல் ஆப்பிரிக்காவிலுள்ள கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆள் செய்த வேலையை அது செய்யத் தொடங்கியது. விளைச்சல் கூடியது, தூவுகிறவர்களுக்கு வேலை போயிற்று. பயிர் மாறும்போது லயத்துச் சனத்தின் எண்ணிக்கையும் மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மண் மாறிய கதை

மேட்டு நிலம் தீர்ந்ததும் பயிர் தாழ்ந்த நிலத்துக்கு இறங்கியது. கிள்ளான், கோல லங்காட் பக்கத்துக் கரையோர மண் கடலேற்றத்தில் மூழ்கும் மண். கேரித் தீவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் கரை கட்டி, மதகு வைத்து, குறுக்கும் நெடுக்கும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வெளியேற்றித்தான் அங்கே தோட்டம் போட்டார்கள். கண்டல் காட்டையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்த மா மெரி பூர்வகுடி மக்கள் இன்றும் அந்தத் தீவில், தோட்டத்துக்கு நடுவிலும் ஓரத்திலுமாக இருக்கிறார்கள்.

மலாய்க்காரர்கள் 'கம்புட்' என்று சொல்லும் கரிச்சதுப்பு மண்ணில் இன்னொரு சங்கடம். அது உண்மையில் மண்ணே இல்லை; ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் ஊறிக் கிடக்கும் மட்கிய மரமும் இலையும்தான். பயிருக்காகத் தண்ணீரை வடித்தால் அது காய்ந்து, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அமிழ்ந்துகொண்டே போகும். வெயில் காலத்தில் தீப்பிடித்தால் அடியிலேயே கனன்று நாள்கணக்கில் புகையும். கிள்ளானுக்கு அருகே ஜோஹான் செத்தியாவில் இப்படிப் பலமுறை தீப்பிடித்தது நமக்குத் தெரியும். இளைப்பு நோய் உள்ள குழந்தையும் வயதானவரும் அந்தப் புகையில் படுகிற பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒரு காலம் வந்தது. பழத்தைவிட நிலத்துக்கு விலை கூடிப்போனது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் நடந்து எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நெருக்கடியில்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஷா ஆலம் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான இந்த ஊருக்கு அடிமண் சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரமும் செம்பனையும் நின்ற இடத்தில் செக்‌ஷன் செக்‌ஷனாக வீடும் தொழிற்சாலையும் நிற்கின்றன. பட்டணம் வந்ததில் பள்ளிக்கூடம், வேலை, ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய மழை இப்போது தாரிலும் சிமெண்டிலும் விழுந்து நேரே ஆற்றுக்கு ஓடுகிறது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரை மேல் ஏறி நின்றதை மறக்க முடியுமா? விடாத பெருமழை ஒரு காரணம். நிலத்தின் மேல் நாம் போட்ட மூடி இன்னொரு காரணம்.

ஆலைத் தண்ணீர்

வெட்டிய குலை கெட்டுப்போகாமல் இருக்க, 24 மணி நேரத்துக்குள் அதை ஆலையில் அவித்தாக வேண்டும். அவிக்கவும் கழுவவும் ஏராளமான நீர் தேவை. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய மூன்று டன் கழிவுநீர் வெளியே வருகிறது. பழுப்பு நிறத்தில், சூடாக, புளித்த நாற்றத்தோடு வரும் அந்தக் கஞ்சியில் நேரடியான விஷம் கிடையாது. பிறகென்ன என்கிறீர்களா? ஆற்றில் சேர்ந்ததும் அது அழுகி, தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் குடித்துவிடுகிறது. வீட்டுச் சாக்கடை நீரைவிடச் சுமார் நூறு மடங்கு வேகம் அதற்கு. மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும்.

எழுபதுகளில் பல ஆறுகள் இப்படித்தான் நாறின. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் போட்டார்கள். கழிவுநீர் எவ்வளவு பிராணவாயுவைக் குடிக்கலாம் என்பதற்கு, லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று 1978-இல் வரம்பு கட்டி, படிப்படியாக இறக்கி 1984-இல் 100 ஆக்கினார்கள். ஆலைக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கிற குளங்கள் இதற்காக வந்தவைதான். சட்டம் போட்டால் ஆறு தேறும் என்பதற்கு இது நல்ல உதாரணம். குளம் நிரம்பி வழிந்தாலோ, ராத்திரியில் யாராவது திறந்துவிட்டாலோ பழைய கதைதான். ஆகவே ஆற்றோரம் குடியிருப்பவர்களின் கண்ணும் மூக்கும் காவலாக இருக்க வேண்டும்.

மருந்தடிக்கிற கை

இனி முன்னே சொன்ன மருந்தடிக்கிற வேலைக்கு வருகிறேன். பாராக்குவாட் என்ற களைக்கொல்லியை நம்மில் தெரியாதவர்கள் குறைவு. நகம் கறுத்துக் கழன்று வந்த பெண்களையும், மூக்கில் இரத்தம் வழிய வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் விழுங்கினாலே நுரையீரல் கெட்டுச் சாவு. அதற்கு முறிவு மருந்து கிடையாது. நம் நாட்டில் 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. பெண் தொழிலாளர்களும் சங்கங்களும் பொது அமைப்புகளும் வருஷக்கணக்கில் கத்திய பிறகு வந்த தடை அது.

பாராக்குவாட் போனதால் ஆபத்தும் போய்விட்டதாக நினைக்கலாகாது. இப்போது அடிப்பது கிளைபோசேட், குளுபோசினேட் போன்றவை. குளுபோசினேட்டைத் தெரியாமல் விழுங்கியவர் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார். அப்புறம் திடீரென்று வலிப்பு வரும், மூச்சு நிற்கும். "நல்லாத்தான் இருக்காரு" என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கடல் தாண்டி ஒரு பாடம்

நம்மைப் போலவே தோட்டத்துக்குப் போன தமிழர்கள் கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக், குவாதலூப் என்ற இரண்டு தீவுகளிலும் இருக்கிறார்கள். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனார்கள். தமிழ்ப் பேச்சு மறந்துபோனாலும் மாரியம்மன் கும்பிடு அங்கே இன்றும் உண்டு. கரும்புக்குப் பிறகு அந்தத் தீவுகளில் முக்கியப் பயிரானது வாழை, அதுவும் பிரான்சுக்கு ஏற்றுமதிக்காக.

வாழைக்கிழங்கைத் துளைக்கும் வண்டுக்காக 1972-இலிருந்து 1993 வரை 'குளோர்டெகோன்' என்ற பொடியை மரத்தடியில் தூவினார்கள். அமெரிக்காவில் அதே மருந்தைச் செய்த ஒரு தொழிற்சாலையில் 1975-இல் ஆட்களுக்குக் கை நடுக்கம் கண்டு ஆலையே மூடப்பட்டது. பிரான்சில் 1990-இல் தடை செய்தார்கள். தீவுகளுக்கு மட்டும் சலுகை கொடுத்து மேலும் மூன்று வருஷம் தூவ விட்டார்கள்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகப் படியுங்கள். அந்த மருந்து வாழைப்பழத்தில் ஏறவில்லை. கப்பலேறிப் போன பழம் சுத்தமாகவே போயிற்று. மருந்து மண்ணில் தங்கியது. மண்ணிலிருந்து ஊற்றுக்கும் ஓடைக்கும், அங்கிருந்து கடலோர மீனுக்கும் இறாலுக்கும் போனது. சேம்பு, வள்ளி போன்ற கிழங்கில் ஏறியது. பழத்தைச் சாப்பிட்ட ஊருக்கு ஒன்றுமில்லை. பழத்தை விளைவித்தவன் தன் கொல்லையில் நட்டுத் தின்ற கிழங்கில்தான் விஷம்! இரண்டு தீவுகளிலும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இரத்தத்தில் அந்த மருந்து இருக்கிறது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். பண்ணையில் மருந்தோடு வேலை செய்தவர்களுக்கு அந்த நோய் வந்தால் அது தொழில் நோய் என்று பிரெஞ்சு அரசாங்கம் 2021-இல்தான் ஒப்புக்கொண்டது. மண்ணில் கலந்தது போக நூற்றாண்டுகள் ஆகும் என்கிறார்கள்.

இத்தனைக்கும் மார்ட்டினிக் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் 1974-லேயே வேலைநிறுத்தம் செய்தவர்கள். சம்பள உயர்வோடு, இந்த விஷ மருந்துகளை நிறுத்து என்பதும் அவர்கள் கோரிக்கை. போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி மாண்டார். மருந்தை நிறுத்தவில்லை. தொழிலாளி சொன்னது சரி என்பது ஊருக்குத் தெரிய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று, 1999-இல் குடிதண்ணீரைச் சோதித்தபோது.

இப்போது டுரியான்

அதே பாதையில் இன்று நம் நாட்டில் ஓடுவது டுரியான். மூசாங் கிங் பழத்தின் சுளையைச் சீனா 2011-இலிருந்து வாங்கியது. 2019-இல் உறைய வைத்த முழுப் பழத்துக்கும், 2024-இல் பறித்த பழத்துக்கும் கதவு திறந்தது. விலை ஏறியதும் மலைச்சரிவுக் காடுகள் வெட்டப்பட்டன. கிளந்தான், குவா மூசாங்கில் தெமியார் பூர்வகுடி மக்கள் டுரியான் தோட்டத்துக்காகத் தங்கள் காட்டை அழிப்பதை எதிர்த்து 2018-இல் பாதையை மறித்து நின்றார்கள். 2019 ஜனவரியில் மத்திய அரசே அவர்களுக்காகக் கிளந்தான் அரசின் மேல் வழக்குப் போட்டது. பகாங், ரவூப்பில் அரசு நிலத்தில் வருஷக்கணக்காக டுரியான் பயிரிட்டவர்களுக்கும் மாநில அரசுக்கும் 2020-இலிருந்து இழுபறி. 2025 ஏப்ரலில் காய்க்கிற மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள்.

நம் பிள்ளைகள் சிலர் அந்தத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். மலைச்சரிவில் அடிக்கிற மருந்து மழையோடு கீழே இருக்கிற ஓடைக்குத்தான் வரும். குடியிருப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள்.

எலியும் காய்ச்சலும்

பயிர் மாறினால் உடன் வரும் பிராணியும் மாறும். செம்பனைப் பழம் எலிக்குப் பிடித்த தீனி. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு இறங்கினால், சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சல் வரும். வெள்ளத்துக்குப் பிறகும் இது வரும். தண்ணீரில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீர்க் குறைவும். ஆரம்பத்திலேயே வந்தால் சாதாரண மருந்திலேயே குணமாகும். டாக்டரிடம் "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், தண்ணீரில் இறங்கினேன்" என்று சொல்ல மறக்காதீர்கள். டெங்கியும் இதே போலத் தொடங்கும் என்பதால், காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ மற்ற வலிமாத்திரையோ நீங்களாகப் போடாதீர்கள்; பாராசிட்டமால் மட்டும் போடலாம்.

செய்ய வேண்டியவை

1. குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் மட்டுமே. கால்வாய், கிணறு, ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் மருந்து போகாது.

2. மருந்து வந்த டின்னையும் தோம்பையும் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் பிடிக்கவோ அரிசி போடவோ கூடாது. துளையிட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள்.

3. மருந்துப் பம்பைக் கால்வாயில் கழுவாதீர்கள். கீழே யாரோ குளிக்கிறார்கள்.

4. மருந்தடித்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். குளித்து உடுப்பு மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

5. கண்ணில் பட்டால் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லேபிளைக் கையோடு கொண்டு போங்கள்.

6. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருந்தடிக்கக் கூடாது. வேறு வேலை கேளுங்கள்; தரவில்லையென்றால் சங்கத்திடம் சொல்லுங்கள்.

7. சேற்றிலும் தண்ணீரிலும் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். கீறல் இருந்தால் மூடிக் கட்டுங்கள்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டப்படி, தான் தருகிற வீட்டுக்கு முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். என்ன மருந்து அடிக்கிறோம், அதனால் என்ன கெடுதல் என்று தொழிலாளிக்குத் தெரிவிப்பதும், கையுறை, முகமூடி, பூட்ஸ் தருவதும் முதலாளியின் கடமை. வேலையால் வந்த நோய்க்குப் பெர்கேசோவில் மனுச் செய்யலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்து, தொழில் நோய்ப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து வீட்டு இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் குடிப்பதும் நாம் குடிக்கிற தண்ணீர்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கி, மருந்தடித்த தேதி, மருந்தின் பெயர், அன்று உடம்புக்கு என்ன செய்தது என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஆற்றில் மீன் மிதந்தாலும், தண்ணீர் நிறம் மாறினாலும் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு சங்கக் கிளைச் செயலாளரிடமும் சுற்றுச்சூழல் இலாகாவிடமும் தெரிவியுங்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். நாங்கள் பார்க்க வேண்டியது அதில் பாதி இருக்கும்.